நாலாம் வகுப்பு, ஆறாம் பாடம்

ஜூலை 8

அக்கா அவர்களுக்கு,

ஒன்பது வருடம் கழித்து எழுதுகிறேன். பயப்பட வேண்டாம், யாருக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை. உங்கள் போன் எண் என்னிடம் இல்லை. இருந்திருந்தாலும் இதைப் போனில் தட்டி அனுப்ப மனம் வந்திருக்காது. அதனால் நீங்கள் தலைமை ஆசிரியையாக இருக்கும் பள்ளியின் விலாசத்துக்கே அனுப்புகிறேன்.

என் மகள் நாலாம் வகுப்புக்கு வந்துவிட்டாள். நீங்கள் கடைசியாகப் பார்த்தபோது கைக்குழந்தை. வீட்டில் அவளுக்குப் பெயர் வாலு. அவளுக்குக் காது நன்றாகக் கேட்கும். எனக்கும் என் மனைவிக்கும் சேர்த்து அவளே கேட்டுக்கொள்கிறாள்.

போன திங்கட்கிழமை நான் கடையிலிருந்து வந்து கை கழுவிக்கொண்டிருந்தேன். அதே மூக்குக்கண்ணாடிக் கடை, அதே பின்னறை, அதே லென்ஸ் தேய்க்கும் மெஷின். அந்தச் சத்தத்தில் மற்றவர்கள் ஒரு மாதம்கூடத் தாக்குப்பிடிப்பதில்லை. அதனாலேயே முதலாளிக்கு என்னை ரொம்பப் பிடிக்கும். வாலு என் சட்டையைப் பிடித்து இழுத்துப்போய் மேஜைமேல் தமிழ்ப் புத்தகத்தை விரித்தாள். ஆறாம் பாடம், ‘என் தம்பியும் நானும்’. வாயால் படித்துக்கொண்டே கையாலும் சொல்லிக்கொண்டு வந்தாள்.

ஓர் அக்கா. மூன்று வயதில் காய்ச்சல் வந்து காது கேட்காமல் போன ஒரு தம்பி. அக்கா அவனைத் தினமும் கைபிடித்துப் பள்ளிக்கு அழைத்துப் போகிறாள். சிரிக்கிற பிள்ளைகளைப் பார்த்து, ‘இவன் என் தம்பி, இவனையும் விளையாட்டில் சேர்த்துக்கொள்ளுங்கள்’ என்கிறாள். மணி அடித்ததும் முதல் ஆளாக ஓடிப்போய் அவன் தோளைத் தொடுகிறாள். தம்பிக்கு இடது புருவத்தில் தழும்பு என்றுகூட இருக்கிறது.

புத்தகத்தின் முதல் பக்கத்தில் பாடநூல் குழுவின் பட்டியல் உண்டு. நான்காவது பெயர் உங்களுடையது.

வாலு என் புருவத்தைத் தொட்டுப் பார்த்தாள். “இது நீதானப்பா? அத்தை நெஜமாவே உன் கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போனாங்களா?”

ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

இதைத் தெரிவிக்கத்தான் எழுதினேன். யாராவது உங்களிடம் கேட்டால் நம் இருவர் பதிலும் ஒன்றாக இருக்க வேண்டும் அல்லவா?

தம்பி

•

ஜூலை 15

அன்புள்ள தம்பிக்கு,

கவரின் மேல் உன் கையெழுத்தைப் பார்த்ததும் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். சந்தோஷம்தான். ஆனால் ‘நீங்கள்’ என்று எழுதியிருக்கிறாயே, அது கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது. சின்ன வயதிலிருந்து நமக்குள் ஏதடா நீங்களும் நாங்களும்?

பாடத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நாங்கள் ஒன்பது பேர் குழுவில் இருந்தோம். எல்லோரையும் சேர்த்துக்கொள்வதைப் பற்றி நாலாம் வகுப்புக்கு ஒரு பாடம் வேண்டும் என்பது முடிவு. முதலில் ஒருவர் கால் ஊனமான முயல் கதை ஒன்று எழுதிக்கொண்டு வந்தார். மற்ற மிருகங்களெல்லாம் அதன்மேல் இரக்கப்படும். குழுத் தலைவர் காகிதத்தை ஓரமாகத் தள்ளிவிட்டு, “முயல் எல்லாம் வேணாங்க. நெஜ மனுஷங்களப் பத்தி எழுதுங்க” என்றார். அப்போது நான் வாயைத் திறந்தேன். “எனக்கு ஒரு தம்பி இருக்கான். அவனுக்குக் காது கேட்காது” என்றேன். அதுவரை போனைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் நிமிர்ந்தார்கள். அவர்கள் நிமிர்ந்து பார்த்ததும் எனக்கு வார்த்தைகள் தானாக வந்தன. சொல்லி முடித்தபோது இரண்டு பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். அதற்குமேல் எப்படிப் பின்வாங்குவது?

பிள்ளைகளுக்கான பாடம்தானே தம்பி. ஒரு நல்ல உதாரணம் கண்முன்னால் இருந்தால்தான் அவர்கள் அதைப் பின்பற்றுவார்கள். நடந்ததை நடந்தபடியே எழுதினால் அதிலிருந்து அவர்கள் என்ன கற்றுக்கொள்வார்கள்? நீயும் ஆமாம் என்று சொன்னது பெருந்தன்மை. உன் குணம் எனக்குத் தெரியும்.

வாலுவுக்கு என்ன அளவு சட்டை என்று எழுது. இரண்டு வாங்கி அனுப்புகிறேன்.

அன்புடன்,
அக்கா

•

ஜூலை 21

அக்கா அவர்களுக்கு,

சட்டை வேண்டாம். அவள் அம்மா தையல்காரி.

நான் ஆமாம் என்றது பெருந்தன்மையால் அல்ல. போன வருடம் பெற்றோர் கூட்டத்துக்கு நாங்கள் போகவில்லை. கூட்டம் இருந்ததே எங்களுக்குத் தெரியாது. பிறகு அவளுடைய குறிப்பேட்டில் டீச்சர் எழுதியிருந்ததைப் பார்த்தேன்: ‘பெற்றோர் வெளியூரில் இருப்பதாக மாணவி கூறினாள்.’ நான் அவளிடம் ஒன்றும் கேட்கவில்லை. தெருவில் என்னோடு நடக்கும்போது இரண்டு கைகளையும் பாவாடைப் பைக்குள் விட்டுக்கொள்வாள். நான் ஏதாவது கேட்டால் தலையை மட்டும் ஆட்டுவாள். வீட்டுக்குள் வந்த பிறகுதான் கையை வெளியே எடுப்பாள்.

ஆறாம் பாடம் நடத்திய மறுநாள், பள்ளி வாசலில் அத்தனை பேர் நடுவில் என்னைப் பார்த்துக் கையால் கத்தினாள். கத்தினாள் என்றுதான் சொல்ல வேண்டும், அவ்வளவு பெரிய அசைவு. பாடத்தில் வருகிறவரின் மகள் என்று வகுப்பில் அவளுக்கு மதிப்பு கூடிவிட்டதாம். உங்கள் பொய்யைக் கொடுத்து என் மகளின் மரியாதையை வாங்கியிருக்கிறேன். கண்ணாடியில் முகம் பார்த்துச் சவரம் செய்யக் கூச்சமாக இருக்கிறது.

எனக்கு ஞாபகம் இருப்பது வேறு. உங்களுக்குப் பதினொன்று, எனக்கு எட்டு. அம்மா தலைமை ஆசிரியரிடம் மூன்று முறை நடந்து எனக்கு இடம் வாங்கினார். அக்கா பார்த்துக்கொள்வாள் என்பதுதான் நிபந்தனை. நீங்கள் எனக்குப் பத்தடி முன்னால் போவீர்கள். தோழிகள் சேர்ந்துகொண்டால் இருபதடி. பிறகு அந்த வரைபட அறை. கடைசி பீரியட் பாட்டு வகுப்பு என்பதால் என்னை அங்கே உட்கார வைப்பார்கள். நீங்கள் வந்து தோளைத் தொட்டால் நான் எழுந்து வருவேன். ஒருநாள் நீங்கள் வரவில்லை. கதவு பூட்டியிருந்தது. ஆறு மணிக்குக் காவலாளி திறந்தபோது என் கால்சட்டை நனைந்திருந்தது. வீட்டில் அப்பா பெல்ட்டால் அடித்தார். மறுநாளிலிருந்து பள்ளி இல்லை. பன்னிரண்டு வயதில் காது கேளாதோர் விடுதிப் பள்ளிக்குப் போகும்வரை நான்கு வருடம் வீட்டில் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஈரக் கால்சட்டைக்கு அவ்வளவு பெரிய அடியா என்று இன்றுவரை எனக்கு விளங்கியதில்லை.

உங்கள் மகள் கல்யாணத்தை மறந்திருக்க மாட்டீர்கள். “கைய ஆட்டாமப் பேசு, சம்பந்தி வீட்டுக்காரங்க பாக்கறாங்க” என்றீர்கள். உதட்டைப் பார்த்து அதை நன்றாகவே படித்தேன். கையை ஆட்டாமல் நான் எப்படிப் பேசுவது அக்கா? வாயை அசைக்காமல் நீங்கள் பேசுவீர்களா? அன்று சாப்பிடாமல் கிளம்பினோம்.

செப்டம்பர் 12 அன்று வகுப்பில் பாடத்தைப் பற்றி ஒரு நிகழ்ச்சி வைக்கப் போகிறார்களாம். என்னையும், முடிந்தால் உங்களையும் வரச்சொல்லி வாலுவின் டீச்சர் கேட்கிறார். என்ன சொல்லட்டும்?

தம்பி

•

ஜூலை 30

தம்பிக்கு,

உடம்பு சரியில்லை, அதனால்தான் தாமதம். டீச்சரின் கடிதம் எனக்கும் வந்தது. செப்டம்பரில் தேர்வு வேலை இருக்கும் என்று நினைக்கிறேன். வர முடியாது என்று எழுதிவிடுகிறேன். நீ போய் வா. குழந்தைகள் சந்தோஷப்படுவார்கள்.

பழையதை எல்லாம் கிளறி என்ன ஆகப்போகிறது?

அக்கா

•

ஆகஸ்ட் 9

தம்பி,

நீ பதில் எழுதவில்லை. எழுதாமல் இருந்தது சரிதான். போன கடிதத்தில் உடம்பு சரியில்லை என்று எழுதியது பொய். உடம்பு நன்றாகத்தான் இருந்தது.

இந்த வாரம் என் பள்ளியில் நாலாம் வகுப்பு ஆசிரியை விடுப்பு. நானே போய் ஆறாம் பாடத்தை நடத்தினேன். இதுவரை எப்படியோ அதைத் தவிர்த்து வந்திருந்தேன். நான் படிக்கப் படிக்கப் பிள்ளைகள் கன்னத்தில் கை வைத்துக் கேட்டார்கள். முடித்ததும் முன் வரிசையில் ஒரு சின்னப் பெண் கை தூக்கினாள். “டீச்சர், அந்த அக்கா ஒருநாள்கூடத் தம்பிய மறந்து போகலையா? நான் என் தங்கச்சிய ரெண்டு தடவ கடையில மறந்து விட்டுட்டு வந்துட்டேன்” என்றாள். அவளுக்கு அழுகை வந்துவிட்டது. அந்த அக்கா மாதிரி நான் நல்லவள் இல்லையே என்று அழுகிறாள். என்னைப் பார்த்து அழுகிறாள், தம்பி. “தண்ணி குடிச்சிட்டு வா” என்று அனுப்பிவிட்டேன்.

நீ விளங்கவில்லை என்று எழுதினாயே, அதை நான் விளக்குகிறேன்.

அன்று என் வகுப்புத் தோழிக்குப் பிறந்தநாள். பெரிய வீடு. கடைசி பீரியட் முடிந்ததும் ஐந்து பேரை அழைத்துப் போனாள். என்னிடம், “நீயும் வா. ஆனா உன் பின்னாலயே வருமே ஒண்ணு, அது வேணாம்” என்றாள். நீ யார் என்று அவர்கள் முதல் வாரமே கேட்டிருந்தார்கள். பக்கத்து வீட்டுப் பையன் என்று சொல்லி வைத்திருந்தேன்.

பின்வாசலுக்குப் போக வரைபட அறையைத் தாண்டித்தான் போக வேண்டும். கதவு திறந்திருந்தது. நீ முதுகைக் காட்டி உட்கார்ந்து, ஒரு வரைபடத்தில் ஆற்றின்மேல் விரலை ஓட்டிக்கொண்டிருந்தாய். இரண்டு எட்டு வைத்துத் தோளைத் தொட்டிருக்கலாம். திரும்பிப் பார்த்துவிடுவாயோ என்று பயந்து கதவைச் சாத்தினேன். சாத்தியிருந்ததால் உள்ளே யாரும் இல்லை என்று காவலாளி பூட்டிவிட்டார்.

அன்று மாலை அப்பா என்னைத்தான் முதலில் கேட்டார். நீ அறையின் நடுவில் நின்று என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாய். நான் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, “அவனாவே போய் ஒளிஞ்சுக்கிட்டான்ப்பா. எவ்வளவோ தேடினேன். வேணும்னே பண்ணினான்” என்றேன். நீ படித்துவிடக் கூடாது என்று திருப்பிக்கொண்டேன். யோசித்துத்தான் திரும்பினேன்.

நீ அடி வாங்கியது கால்சட்டைக்காக இல்லை. மறுநாள் தலைமை ஆசிரியரும் அதையே நம்பி, ஒளிந்துகொள்கிற பிள்ளையைச் சமாளிக்க முடியாது என்று பெயரை அடித்துவிட்டார். உன் நான்கு வருடத்தை எடுத்தது நான்.

இதை அம்மாவிடமும் சொன்னதில்லை.

•

ஆகஸ்ட் 17

படித்தேன்.

வியாழக்கிழமை ஒரு லென்ஸை உடைத்தேன். பன்னிரண்டு வருடத்தில் முதல் தடவை. முதலாளி என்னை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்.

எனக்கு நாற்பத்தொன்பது வயது. வாலு சின்னவளாக இருந்தபோது படுக்கையை நனைத்துவிட்டால் நான் ஓடிப்போய் அவளைத் தூக்கிக்கொள்வேன். யாரும் பார்க்கும் முன் விரிப்பைச் சுருட்டி ஒளித்து வைப்பேன். குழந்தைதானே, இதற்கு ஏன் இப்படி என்று என் மனைவி கேட்பாள். காரணம் எனக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். தப்பான காரணத்தை வைத்துக்கொண்டு நாற்பத்தொரு வருடம் பயந்திருக்கிறேன்.

நீ சுவர்ப் பக்கம் திரும்பியது எனக்கு ஞாபகம் இருக்கிறது. எனக்காக அழுகிறாய் என்று நினைத்தேன்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். அன்று நீ எத்தனை மணிக்கு வீட்டுக்கு வந்தாய்?

•

ஆகஸ்ட் 22

தம்பி,

ஐந்தரைக்கு. அம்மா கேட்டபோது நீ பின்னால் வருகிறாய் என்றேன்.

அதற்கு முன்பே, நாலரைக்கு, கேக் வெட்டும்போது உன் நினைவு வந்தது. காவலாளி பார்த்துக்கொள்வார் என்று நினைத்துக்கொண்டேன். இரண்டாவது துண்டும் வாங்கிச் சாப்பிட்டேன். நீ கேட்டதால் இதையும் சொல்கிறேன், மறைக்க இனி ஒன்றும் இல்லை.

‘நீங்கள்’ போய் ‘நீ’ வந்திருக்கிறது. கோபத்தில் வந்தது என்று தெரியும். இருந்தாலும் நான்கைந்து முறை படித்தேன்.

நேற்று குழுத் தலைவரைப் பார்த்தேன். அந்தப் பாடத்தை எடுத்துவிடுங்கள், நான் பொய் எழுதிவிட்டேன் என்றேன். அவர் கதவை மூடிவிட்டு வந்து உட்கார்ந்தார். “மேடம், அச்சடிச்சு அனுப்பியாச்சு. இந்தப் பாடத்துக்குத்தான் பாராட்டே நெறைய வருது. உங்க மனசாட்சிய அடுத்த பதிப்புல பாத்துக்கலாமே” என்றார். டீ வரவழைத்துக் கொடுத்தார். அந்த டீயையும் குடித்துவிட்டுத்தான் வந்தேன்.

செப்டம்பர் 12 அன்று வாலுவின் வகுப்புக்கு வந்து, நடந்ததைப் பிள்ளைகளிடம் சொல்லலாம் என்று நினைக்கிறேன். என் பள்ளிப் பிள்ளைகளிடம் அதற்கு முன்பே சொல்லிவிடுவேன். தங்கையைக் கடையில் விட்டுவந்த பெண்ணுக்கு அது கடன். ஆனால் அங்கே வந்து நான் சொன்னால் உன்னுடைய ‘ஆமாம்’ வெளியே வந்துவிடும். வாலு முன்னால் உன் தலை குனியும். அதனால் நீ வேண்டாம் என்றால் வரமாட்டேன்.

அக்கா

•

செப்டம்பர் 3

அக்கா,

வா. பதினொரு மணிக்கு.

என்னுடைய பொய்யை உன் வாயிலிருந்து அவள் கேட்கக் கூடாது என்று ஞாயிற்றுக்கிழமை நானே சொல்லிவிட்டேன். எங்கள் வீட்டில் கோபம் வந்தால் சத்தம் போடுவதில்லை, கண்ணை மூடிக்கொள்வோம். அதோடு பேச்சு முடிந்தது. அவள் இரண்டு நாள் என் எதிரில் வந்தாலே கண்ணை மூடிக்கொண்டாள். சுவரில் முட்டிக்கொண்டு நெற்றியில் வீக்கம் வேறு.

மூன்றாம் நாள் கண்ணைத் திறந்து, “இத்தன நாளா ஏன் நெஜத்தச் சொல்லல?” என்று கேட்டாள். “வாசல்ல நீ கைய வெளியே எடுத்தே. திரும்ப உள்ள விட்டுடுவியோன்னு பயந்துட்டேன்” என்றேன். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். “வெளியூர்னு சொன்னது உனக்குத் தெரியுமா?” என்றாள். தெரியும் என்றேன். அப்புறம் அவளும் நானும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் சாப்பிட்டோம். என் மனைவி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்து, “இந்த வீட்ல எத்தன பொய்யி!” என்றாள்.

வகுப்பில் எங்களுக்கு நடுவில் வாலுதான் மொழிபெயர்ப்பாள். அதுவும் அவளே கேட்டு வாங்கியது.

தம்பி

•

செப்டம்பர் 14

தம்பி,

சொல்லிக்கொள்ளாமல் ஓடி வந்துவிட்டேன். பஸ்ஸில் உட்கார்ந்த பிறகுதான் என் குடை உங்கள் டீச்சரின் மேஜையில் இருப்பது ஞாபகம் வந்தது.

முப்பது வருடம் வகுப்பறையில் நின்றிருக்கிறேன். மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றது இதுதான் முதல் தடவை. ‘புத்தகத்தில் இருப்பது நடக்கவில்லை, நடந்ததைச் சொல்கிறேன்’ என்று ஆரம்பித்தபோது பிள்ளைகள் கைதட்டத் தயாராக இருந்தார்கள். அந்தக் கைகள் அப்படியே மடியில் இறங்கின. பக்கவாட்டில் வாலு நின்று என் வார்த்தைகளை உனக்குக் கையால் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் உன்னைப் பார்க்கவே இல்லை. அவள் விரல்களையே பார்த்துக்கொண்டு பேசினேன். கதவைச் சாத்தியதைச் சொன்னபோது ஒரு பிள்ளை, “ஐயோ” என்றது.

கடைசி பெஞ்சில் பல்லில் கம்பி போட்ட பையன் எழுந்து கேட்டது உனக்கும் தெரிந்திருக்கும். “அப்புறம் சாரி சொன்னீங்களா?”

“இல்ல.”

“எத்தன வருஷமா?”

“நாப்பத்தியோரு வருஷமா.”

“இப்ப சொல்லுங்க. அவர் இங்கதான இருக்காரு?”

நான் உன் பக்கம் திரும்பினேன். வாயைத் திறந்தேன். வாலு கையைக் கீழே போட்டுவிட்டாள். “இத நான் சொல்ல மாட்டேன் அத்தை. இத நீங்களே அப்பாகிட்ட சொல்லணும்” என்றாள்.

எனக்கு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. உன் மொழியில் எனக்கு ஒரு வார்த்தை தெரியாது. ‘தண்ணீர்’ தெரியாது, ‘சாப்பிட்டாயா’ தெரியாது. எல்லோரையும் சேர்த்துக்கொள்ளச் சொல்லிப் பாடம் எழுதியவள், சொந்தத் தம்பியிடம் பேச நாற்பத்தாறு வருடத்தில் ஒரு சைகைகூடக் கற்றுக்கொள்ளவில்லை. முப்பத்திநாலு பிள்ளைகள் காத்துக்கொண்டிருந்தார்கள். நான் கையை வெறுமனே தூக்கி, வெறுமனே இறக்கினேன். நீ ஜன்னலைப் பார்த்தாய்.

வாலு மேல் கோபம் இல்லை என்று சொல். அவள் செய்தது சரி.

அக்கா

•

செப்டம்பர் 21

அக்கா,

குடை பத்திரமாக இருக்கிறது.

நீ கவனிக்காத ஒன்றைச் சொல்கிறேன். பக்கத்து வீட்டுப் பையன் என்று சொல்லி வைத்திருந்ததை நீ சொன்னாய் அல்லவா, அதை வாலு மொழிபெயர்க்கவில்லை. கை நின்றுவிட்டது. எனக்கு வலிக்கும் என்று விட்டுவிட்டாள். உன் உதட்டில் நான் படித்துவிட்டேன் என்று அவளுக்கு இன்னும் தெரியாது. பெற்றோர் வெளியூரில் என்று சொன்னவளுக்கு அந்த வரியைக் கையால் சொல்வது கஷ்டமாகத்தான் இருந்திருக்கும்.

நீ போன பிறகு டீச்சர் நிகழ்ச்சிக்காகக் கரும்பலகையில் எழுதி வைத்திருந்த பாடக் கேள்விகளை அழித்துவிட்டார். திங்கட்கிழமை பிள்ளைகளிடம் வெள்ளைத்தாள் கொடுத்து, விரும்பினால் எழுதலாம், பெயர் போட வேண்டாம் என்றாராம். பதினொரு பேர் எழுதினார்கள். யாரும் நல்ல அக்காவைப் பற்றி எழுதவில்லை. ஒருவன், தோலில் வெள்ளைத் திட்டு இருக்கும் பெண்ணைத் தொட்டால் ஒட்டிக்கொள்ளும் என்று தானே கிளப்பிவிட்டதாக எழுதியிருக்கிறான். ஒருத்தி, வேறு மொழி பேசும் புதுப் பையனுக்கு வேண்டுமென்றே கெட்ட வார்த்தை சொல்லிக்கொடுத்து டீச்சரிடம் மாட்டிவிட்டிருக்கிறாள். வாலு மட்டும் பெயர் போட்டு எழுதி, எழுந்து நின்று படித்தும் காட்டினாளாம். எங்கள் பெற்றோர் வெளியூரில் இல்லை, நான்தான் அவர்களை வெளியூருக்கு அனுப்பினேன் என்று.

அந்தத் தாளை டீச்சர் என்னிடம் கொடுத்தார். கடையில் மெஷின் பக்கத்தில் வைத்திருக்கிறேன். சந்தோஷமாகவும் இருக்கிறது, வெட்கமாகவும் இருக்கிறது. ஒன்பது வயதில் அவள் செய்ததை நாம் இரண்டு பேரும் செய்ய எவ்வளவு நாள் ஆயிற்று!

நான் ஜன்னலைப் பார்த்தது உன்மேல் வெறுப்பால் என்று நினைக்காதே. வெறுப்பு இல்லை என்றும் சொல்லவில்லை. அன்று நீ கையைத் தூக்கி இறக்கியதைப் பார்க்க முடியவில்லை. அவ்வளவுதான்.

தம்பி

•

அக்டோபர் 19

அன்புத் தம்பி,

நீ படித்த விடுதிப் பள்ளியில் சனிக்கிழமைகளில் சைகை மொழி வகுப்பு நடக்கிறது. நாலு வாரமாகப் போகிறேன். என்னைத் தவிர எல்லோரும் சின்னப் பெண்கள். காது கேட்காத குழந்தைகளின் அம்மாக்கள். சொல்லித்தருபவருக்கு இருபத்திமூன்று வயது இருக்கும், அவருக்கும் காது கேட்காது. வகுப்பில் வாய் திறக்கக் கூடாது என்பது சட்டம். நான் இரண்டு முறை பேசிவிட்டுத் திட்டு வாங்கினேன். கையால் திட்டு வாங்கினாலும் உறைக்கத்தான் செய்கிறது.

இரண்டிரண்டு பேராகப் பயிற்சி செய்யச் சொன்னால் எல்லோரும் சட்டென்று ஜோடி சேர்ந்துவிடுகிறார்கள். நான் மெதுவாகக் கற்கிற கிழவி. என்னோடு யாரும் சேருவதில்லை. முதல் நாள் சுவரோரம் நின்று அவர்கள் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். எல்லோரும் ஏதோ சொல்லிச் சிரித்தார்கள். எதற்கு என்று தெரியாமல் நானும் சிரித்து வைத்தேன். உன்னை எத்தனை முறை அப்படிச் சிரிக்க வைத்திருக்கிறோம் என்று அப்போதுதான் புரிந்தது.

வகுப்பு முடிந்து வெளியே வந்ததும் ஓர் அம்மா, “உங்க பேரக்குழந்தைக்கா?” என்று கேட்டாள். “இல்ல, தம்பிக்கு” என்றேன். “பொறந்ததுல இருந்தேவா?” “மூணு வயசுல இருந்து.” “அப்ப இத்தன வருஷம் எப்படிப் பேசினீங்க?” என்றாள். பேசவில்லை என்று சொன்னேன். வேறு ஒன்றும் சேர்க்கவில்லை.

மன்னிப்புக் கேட்கும் சைகையை நானே கேட்டு வாங்கிக் கற்றுக்கொண்டேன். உள்ளங்கையை நெஞ்சில் வைத்து நாலைந்து முறை வட்டமாகத் தேய்க்க வேண்டும், சரிதானே? தினமும் கண்ணாடி முன் நின்று செய்து பார்க்கிறேன். என் முகத்தைப் பார்த்துக்கொண்டு அதைச் செய்வது சுலபமாக இல்லை.

எப்போது வரலாம் என்று எழுது. வரவேண்டாம் என்றாலும் எழுது. வகுப்புக்குப் போவதை நிறுத்த மாட்டேன்.

அக்கா

•

அக்டோபர் 26

அக்கா,

உன் கடிதத்தை என் மனைவியிடம் காட்டினேன். நீ எழுதியபடி அவள் செய்து பார்த்தாள். வாலு விழுந்து விழுந்து சிரித்தாள். அது மன்னிப்பு இல்லை அக்கா. அது குளிக்கும்போது சோப்புப் போடுவது. கண்ணாடி முன் நின்று தினமும் சோப்புப் போட்டுக்கொண்டிருக்கிறாய்.

இதைக் கடிதத்தில் திருத்த முடியாது. ஞாயிற்றுக்கிழமை எனக்கு விடுமுறை. காலையில் வா. மூவரும் வீட்டில் இருப்போம். முன்னால் உட்கார்ந்து செய்து காட்டு, தப்பாக இருந்தால் விரலைப் பிடித்து நானே சரிசெய்கிறேன். சரியாக வரும்வரை எத்தனை ஞாயிறு ஆனாலும் பரவாயில்லை.

சரியாக வந்த பிறகு நான் என்ன பதில் சொல்வேன் என்று எனக்கு இன்னும் தெரியாது. அதை இப்போது கேட்காதே.

தம்பி